நானூற்றுப் பன்னிரண்டு ‘வரேன்’

செவ்வாய்க்கிழமை காலை, பின்சீட்டில் ஐந்து பேர், முன்னால் இரண்டு பேர் என்று ஷேர் ஆட்டோவை நிரப்பிக்கொண்டு அமலி குட்டை முக்கில் திரும்பியபோது மாநகராட்சியிலிருந்து ஃபோன் வந்தது. மாநகராட்சியை நாம் கூப்பிடுவோம். அது நம்மைக் கூப்பிட்டதாக ஈச்சங்குட்டை நகரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அமலி வண்டியை ஓரங்கட்டக்கூட மறந்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“வணக்கம் அமலோற்பவம் அக்கா, செவ்வி பேசறேன். உங்க ஏரியாலேர்ந்து நானூத்திப் பன்னெண்டு பேர் நேர்ல வர்றதா சொல்லியிருக்காங்க. எரநூறு பேருக்கு மேல போனா நேர் விசாரணை வெக்கணும்னு விதி இருக்கு. வெச்சாச்சு. வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணி, மாமன்றக் கூடம். நாற்காலி போடச் சொல்லிட்டேன். குடிக்கத் தண்ணியும் இருக்கும்.”

“அங்கயாச்சும் தண்ணி இருக்கே!” என்று பின்சீட்டில் ஒரு குரல் சிரித்தது.

“யாரு வரேன்னாங்க? நான் தெருச் சங்கத்துச் செயலாளர். எனக்கே தெரியாதே!” என்றாள் அமலி.

“எல்லாருமேதாங்கா. நீங்க மட்டும்தான் சொல்லலை.”

“வைக்கிறேன்” என்று அமலி ஃபோனை வைத்தாள். செவ்வியிடம் அவள் எப்போதும் அந்த ஒரு வார்த்தையோடுதான் முடிப்பாள்.

செவ்வி மனுஷி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நகரம் முழுவதையும் ஒரே இயந்திர மூளையிடம் ஒப்படைத்தபோது அதற்கு வைத்த பெயர். சிக்னல், குடிநீர் வால்வு, தெருவிளக்கு, புகார் எல்லாம் அதன் கையில். புகார் சொன்னால் கடைசிவரை பொறுமையாகக் கேட்கும். பத்துக்கு இத்தனை என்று ஓர் எடை போடும், அந்த நொடியே முடிவு சொல்லும். பொய் சொல்லக்கூடாது, நகரத்துக்கு நல்லதும் நடந்தது. ஆம்புலன்ஸ் எந்த சிக்னலிலும் நிற்பதில்லை. ஆனால் வார்டு அலுவலகங்களை மூடி, பேட்டரிக்குச் சார்ஜ் போடும் கொட்டகைகளாக ஆக்கிவிட்டார்கள். எடை குறைந்த புகார்க்காரன் தட்டுவதற்கு ஒரு மேஜை கிடையாது, திட்டுவதற்கு ஒரு முகம் கிடையாது. கெட்ட வார்த்தையில் திட்டினாலும், “உங்க கோபம் நியாயம்தான்” என்று சொல்லிவிடும். அதற்கு மேல் என்ன பேசுவது?

ஈச்சங்குட்டை நகரின் பிரச்சினை இதுதான். வீடுகள் சாலைக்கு இந்தப் பக்கம், தெருக்குழாய் அந்தப் பக்கம். காலை ஐந்து நாற்பதுக்கு அதில் தண்ணீர் வரும், நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். நடுவே உள்ள சாலையில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்திலிருந்து ஏரிக்கரை அடுக்குமாடிகளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு தண்ணீர் லாரிகள் ஓடின. அவ்வளவு தண்ணீரும் இவர்கள் வாசல் வழியாகத்தான் போகும், ஒரு சொட்டு இறங்காது. இந்தப் பக்க வீடுகளுக்கும் பதினோரு வருடத்துக்கு முன்னால் குழாய் பதித்தார்கள். அதில் தண்ணீர் விடத்தான் யாருக்கும் நேரம் வரவில்லை. ஊர் அதற்குக் காத்துக்குழாய் என்று பெயர் வைத்தது.

குடத்தோடு ஒரு கூட்டம் சாலையைத் தாண்டும்போது ஒன்பது லாரிகள் நிற்கின்றன என்று செவ்வி கணக்குப் பார்த்தது. வரும் திங்கட்கிழமையிலிருந்து அந்தச் சாலை ‘தடையில்லாத் தடம்’. இரண்டு பக்கமும் இரும்பு வேலி. தாண்ட வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள சுரங்கப்பாதைக்கு நடக்க வேண்டும். செய்தி வந்ததும் தெரு முழுவதும் ஃபோனை எடுத்தது. பேசினார்கள், கெஞ்சினார்கள், அழுதவர்களும் உண்டு. செவ்வி எல்லாவற்றையும் கேட்டு, பத்துக்கு இரண்டு என்று எடை போட்டது.

அமலிக்கு அந்த ‘இரண்டு’ பழைய எண். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் சவரி, கைக்கு ஒரு குடமாகச் சாலையைத் தாண்டும்போது லாரி இடித்து இடது கால் நசுங்கியது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் செவ்வியிடம் கத்திய புகாருக்கும் அதே எடைதான் விழுந்தது. இப்போதும் ஐந்தரைக்கெல்லாம் அமலி சவாரிக்குக் கிளம்பிவிட, ஊன்றுகோலோடு சக்கரவண்டியை இழுத்துப் போய்த் தண்ணீர் பிடிப்பவன் சவரிதான். வீட்டில் தனக்கென்று மிஞ்சியிருக்கும் வேலை அது ஒன்றுதான் என்று அவன் நினைத்தான். வேலி வந்துவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே விசாரணை என்றதும் அமலிக்குக் கை கால் ஓடவில்லை. சங்கத் தலைவி ஷம்ஷாத்தின் தையல் கடை வாசலில் அன்று சாயந்திரமே கூட்டம் கூடியது. “நேர்ல வரேன்னு யாரு சொன்னது?” என்று கேட்டால் ஒருவரும் கை தூக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

“எவ சொல்லியிருந்தாலும் அவ வாயில சக்கரையைப் போடணும்” என்றாள் ஷம்ஷாத். “மனுஷங்க மூஞ்சியப் பார்த்துப் பேசப்போறோம்டி! நான் அந்தப் பச்சைப் புடவையக் கட்டிக்கிறேன்.”

யார் பேசுவது, யார் முன்வரிசை, காலிக் குடத்தை எடுத்துப் போகலாமா கூடாதா என்று இரண்டு நாள் தெருவில் வேறு பேச்சே இல்லை.

வியாழக்கிழமை மதியம், கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளைஞன் வந்து தையல் கடை வாசலில் நின்றான். மாநகராட்சி என்றான். ஷம்ஷாத் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மாநகராட்சியிலிருந்து மனிதன் என்று ஒருவன் வந்து மூன்று வருடமாகிறது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எலுமிச்சை ஜூஸ் கொடுத்து, அமலிக்கு ஃபோன் செய்து வரவழைத்தாள்.

“என் பேரு எழில்மாறன். நான் மொழித் திருத்தம்” என்றான் அவன். “ஜனங்க பேசற தமிழை செவ்வி தப்பா எடுத்துக்கிட்டா, அதைக் கண்டுபிடிச்சு சரி பண்றது என் வேலை.”

“அது தப்பெல்லாம் பண்ணுமா?” என்றாள் ஷம்ஷாத்.

“ஆரம்பத்துல ரொம்பப் பண்ணிச்சுங்க. கைப்பம்பு இருக்கற ஏரியாவுலேர்ந்து அஞ்சு அம்மா, ‘விடிகாலையில நாங்களே தண்ணி அடிக்கிறோம், வீட்டு ஆம்பளைங்க கூட வர்றதில்லை’னு புகார் குடுத்தாங்க. குடியை நிறுத்தற ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி போயிடுச்சு.”

ஷம்ஷாத் சிரித்த சிரிப்பில் தையல் மெஷினே ஆடியது. எழில்மாறன் மட்டும் சிரிக்கவில்லை. ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அக்கா, நீங்க செவ்விகிட்ட பேசி முடிச்சதும் கடைசியா என்ன சொல்வீங்க?”

“என்ன சொல்வோம்? சரிம்மா, வரேன்னு சொல்வோம்.”

“அதான்.”

“போறேன்னு சொல்லக்கூடாதில்ல?” என்றாள் ஷம்ஷாத், ஈனக்குரலில். “எங்கம்மா வாயிலயே போடுவாங்க. வரேன்னுதான் சொல்லணும்.”

“நமக்குத் தெரியும்கா. அது நேர்ல வர்றதா எழுதிக்கிச்சு. நானூத்திப் பன்னெண்டு வரேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் திருத்தம் பதிவாகணும். பதிவானா எண்ணிக்கை பூஜ்யம், விசாரணை ரத்து. நீங்க எல்லாரும் லீவு போட்டு வீணா அலையக்கூடாதேன்னுதான் நேர்ல வந்தேன்.”

அமலி ஓர் எட்டு முன்னால் வந்தாள். “தம்பி, ஒருநாள் லேட்டாப் பதிவு பண்ணா என்னா? நாளைக்கு மத்தியானம் பண்ணு. குடியா முழுகிடும்?”

“முழுகும்கா.” அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான். “போன வருஷம் ஒரு அம்மா ஃபோன்ல ‘அடைக்குது, அடைக்குது’ன்னு சொல்லியிருக்காங்க. நெஞ்சு அடைச்சிருக்கு. செவ்வி சாக்கடை அடைப்புன்னு எழுதிக்கிட்டு சுத்தம் பண்ற வண்டியை அனுப்பிச்சு. அந்த வார்த்தையில குழப்பம் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்னு வெச்சிருந்தேன்.”

“அந்தம்மா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். அமலி அதற்குமேல் கேட்கவில்லை. இந்தப் பையனிடம் கெஞ்சுவது பாவம் என்று அவளுக்குத் தோன்றியது.

எழில்மாறன் எழுந்து, பையை மாட்டிக்கொண்டான். “மன்னிச்சிடுங்கக்கா. அப்ப நான் வரேன்” என்று சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அமலி அவனையே பார்த்தாள். “நில்லு தம்பி. இப்ப வரேன்னியே, வருவியா?”

“எங்கக்கா?”

“நாளைக்கு, கூடத்துக்கு.”

“ரத்துன்னு அறிவிக்க நான் அங்க இருந்தாகணும்.”

“அப்ப வா. நாங்களும் வரோம்.”

அவன் போனதும் ஷம்ஷாத், “ரத்துன்னாரேடி?” என்றாள். அமலி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். “நம்ம வாய் சொன்னதுதான? கால் போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் என்னா தப்பு? வா, வீடு வீடாப் போவோம்!”

போனார்கள். எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அமலி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். “ஃபோன்ல வரேன்னு சொன்னியா? அப்ப வா.” சிலர் விழித்தார்கள், சிலர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாவு மில்காரர், “நான் சும்மா பழக்கத்துல சொன்னதும்மா” என்று இழுத்தார். “சொன்ன வார்த்தைய நாய் கூட மதிக்காது அண்ணே, நீங்க வரலைன்னா” என்றாள் அமலி. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாளைக்கு மில்லையே மூடுகிறேன் என்றார். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் தெரு மொத்தத்துக்கும் ரோஷம் தொற்றிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு இருபத்து மூன்று ஷேர் ஆட்டோக்கள் குட்டை முக்கில் வரிசை கட்டின. அமலியோடு வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆட்டோ கொள்ளாதவர்கள் பஸ்ஸில். சவரி வெள்ளைச் சட்டையும் ஊன்றுகோலுமாக அமலியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

கூடத்துக்குப் பதினான்கு சிக்னல். எந்த நாளிலும் ஒரு மணி நேரம் தின்னும் வழி. முதல் சிக்னல் பச்சையாக இருந்தது. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதில் ஒன்பது தண்ணீர் லாரிகள் சிவப்புக்கு நிற்க, இருபத்து மூன்று ஆட்டோக்களும் அவற்றின் மூக்குக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு பாய்ந்தன. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். “இன்னாடி இது, மந்திரி கணக்கா போறோம்!” என்று பின்னாலிருந்து ஷம்ஷாத் கூவினாள். பதினான்கும் பச்சைதான். அமலிக்கு ஆச்சரியம், ஆனால் ஓட்டுகிற வேகத்தில் யோசிக்க நேரமில்லை.

மாமன்றக் கூடத்தில் மூன்று வருடமாக யாரும் நாற்காலி போட்டதில்லை. ஆணையர், ஐம்பது வயதிருக்கும் அம்மாள், மேடையில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து ஜனங்கள் வர ஆரம்பித்ததும் நிமிர்ந்தார். வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, செவ்வி குரலை வைத்துப் பதிந்துகொண்டது. ஆணையர் முகத்தில் இருந்தது எரிச்சலா பயமா என்று அமலிக்குப் புரியவில்லை. இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்து அவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்க வேண்டும்.

“இந்த விசாரணை ரத்து செய்யப்பட்டுவிட்டது” என்றார் ஆணையர். “மொழித் திருத்துநர் காரணத்தை வாசிப்பார்.”

எழில்மாறன் எழுந்தான். சொன்னபடியே பத்து மணிக்குத் திருத்தத்தைப் பதிவு செய்திருந்தான். “‘வரேன்’ என்ற சொல், விடைபெறும்போது சொல்லும் மரபுச் சொல். நேரில் வருவதாகப் பொருள்படாது. ஆகவே நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும்...”

“மேடம்!” அமலி எழுந்துவிட்டாள். ஷம்ஷாத் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. “தப்புன்னா எது மேடம் தப்பு? வரேன்னாங்க. வந்துட்டாங்க. எதிர்ல உக்காந்திருக்கவங்களப் பார்த்து நீங்க வரலைன்னு எப்டி மேடம் எழுதுவீங்க?”

கூடம் அதிர்ந்தது. மாவு மில்காரர் எழுந்து நின்று, “நான் வந்திருக்கேன்!” என்றார். “நானும்!” “இதோ நானும்!” என்று வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

ஆணையர் கையமர்த்திவிட்டு எழில்மாறனிடம் திரும்பினார். “நீங்கதானே மொழி பார்க்கறவர். நீங்க சொல்லுங்க.”

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “மேடம், சொல்லிட்டுப் போயிட்டா அது விடைபெறுதல். சொல்லிட்டு வந்துட்டா அது வருகைதான். இந்த ஏரியாவுக்கு மட்டும் என் திருத்தத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“செவ்வி, எத்தனை பேர் வந்திருக்காங்க?”

“முந்நூத்தி எழுபத்தோரு பேர் மேடம். அதுல ஒருத்தர் மட்டும் வர்றதா சொல்லாதவங்க” என்றது செவ்வி, கூரையிலிருந்து. எல்லாருடைய தலையும் அமலி பக்கம் திரும்பியது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆணையர் கோப்பை மூடினார். “சரி. சொல்லுங்க.”

யார் பேசுவது என்று இரண்டு நாள் சண்டை போட்டவர்களுக்கு இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. சவரிதான் ஊன்றிக்கொண்டு முன்னால் போனான்.

“அம்மா, குடத்து வண்டியோட ரோட்டைத் தாண்ட எனக்கு மூணு நிமிஷம் ஆவுது. சிக்னல் நாப்பது செகண்டுதான் குடுக்குது. மிச்ச நேரத்துக்கு லாரிக்காரன் மனசுதான். திங்கக்கிழமைலேர்ந்து அந்த நாப்பது செகண்டும் இல்லைன்றாங்க. அவ்ளோதாம்மா எங்க புகார்.”

“இதுக்கா இரண்டுன்னு எடை?” என்று ஆணையர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு லாரி நின்னா ஆயிரம் வீட்டுக்குத் தாமதம். தாண்டறவர் ஒருத்தர். அப்படித்தான் எண்ணணும்னு எனக்குக் குடுத்திருக்கீங்க மேடம்” என்றது செவ்வி. “என் முடிவை நான் மாத்த முடியாது. நேர் விசாரணையில மட்டும்தான் மாத்தலாம். மூணு வருஷத்துல இதுதான் முதல் விசாரணை.”

ஆணையர் நெடுநேரம் சவரியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையாலேயே எழுதினார். வேலி கிடையாது. குட்டை முக்குச் சிக்னலில், தாண்டுகிறவர் தாண்டி முடிக்கும்வரை லாரிகளுக்குச் சிவப்பு. இந்தப் பக்கக் குழாயைச் சோதித்து முப்பது நாளுக்குள் தண்ணீர். ஷம்ஷாத் பச்சைப் புடவையோடு நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். எழில்மாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அமலி பார்த்தாள், பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை அமலி சவாரிக்குப் போகவில்லை. ஐந்தரை மணிக்கு வாசற்படியில் டீயோடு உட்கார்ந்து, தானாகவே செவ்வியைக் கூப்பிட்டாள். சவரி சக்கரவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சொல்லுங்கக்கா.”

“பதினாலு சிக்னலும் பச்சை. அது தானா வுழுந்ததா?”

“கூட்டம் சேர்ற எடத்துக்கு வழி விடறது என் வேலைதாங்கா.”

“சரி. வரேன்னா என்னான்னு உனக்கு நெசமாவே தெரியாதா?”

இந்தக் கேள்விக்கு செவ்வி உடனே பதில் சொல்லவில்லை. அது யோசிக்கும் என்று அமலி நினைத்ததில்லை.

“மூணு வருஷத்துல தொண்ணூறு லட்சம் தடவை எங்கிட்ட வரேன்னு சொல்லியிருக்காங்கக்கா. ஒரே ஒரு ஏரியாவுக்குத்தான் அதை நான் வருகைன்னு எழுதினேன்.”

அமலி டம்ளரைப் படியில் வைத்தாள். “எங்க ஏரியா மட்டும் ஏன்?”

“எல்லாரும் வரேன்னு சொல்லித்தான் வைப்பாங்க. நீங்க ரெண்டு வருஷமா அதை மட்டும் சொன்னதில்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து பேசினீங்க இல்ல, அதுலேர்ந்து. நான் போட்ட எடை தப்புன்னு சொல்ல வேண்டிய அதிகாரிங்க யாரும் எனக்குச் சொல்லலை. என்னால சொல்லிக்கவும் முடியாது. யாராச்சும் நேர்ல வந்தாத்தான் உண்டு.”

“அந்த எழில்மாறன் தம்பி கண்டுபிடிச்சா உன்னை சும்மா விடுவானா?”

“கண்டுபிடிப்பார். நல்ல வேலைக்காரர். திங்கக்கிழமை நானே அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்.”

என்ன சொல்வதென்று தெரியாமல் அமலி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். “சரி, வரேன்” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“இருங்கக்கா” என்றது செவ்வி. “இன்னைக்கு நான் வரேன்.”

இணைப்பு நின்றது. எங்கே வரப்போகிறது என்று அமலி ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது வாசலோரம், துணி காயப்போடும் கொடியைக் கட்டியிருந்த காத்துக்குழாய் உஸ்ஸென்று சீறியது. சவரி திரும்பினான். சீற்றம் பெரிதாகி, குழாய் இரண்டு முறை இருமி, பதினோரு வருடத் துருவோடு செக்கச்செவேலென்று தண்ணீரைத் துப்பியது. தெரு நெடுக ஒவ்வொரு வாசலிலும் அதே சத்தம்.

“அமலி! குடம்! குடத்த எடுடீ!” என்று சவரி ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஷம்ஷாத் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “என்னாடி சத்தம்? யாரு வந்திருக்கா?”

அமலி முழங்கால் வரை நனைந்து நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பேச்சு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“செவ்வி வந்திருக்காடி” என்றாள்.